பழைய லேப்டாப்பில் எஸ்எஸ்டியும் ரேமும் மாற்றுவது: ஸ்க்ரூவைக் கழற்றும் முன் செய்ய வேண்டியவை, கழற்றிய பின் செய்ய வேண்டியவை

"லேப்டாப் ரொம்ப ஸ்லோவா இருக்கு, ரேம் போட்டா சரியாயிடுமா?" என்று கேட்டு வருகிறவர்களில் பலர் ரேமை (கணினி வேலை செய்யும்போது தகவலைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் நினைவகம்) ஏற்கெனவே வாங்கிக் கையில் வைத்திருப்பார்கள். அது அவர்கள் லேப்டாப்பின் ரேம் ஸ்லாட்டில் நுழையாது. நுழைந்தாலும் வேகம் கூடாது, ஏனென்றால் கோளாறு இருப்பது ஹார்ட் டிஸ்க்கில். அதற்கு மருந்து, சுற்றும் தட்டுக்குப் பதிலாகச் சிப்பில் தகவலைச் சேமிக்கும் எஸ்எஸ்டி. இன்னும் சிலர் பின்பக்க மூடியைத் திறந்த பிறகுதான் பேக்கப் எடுக்கவில்லை என்பதை நினைத்துப் பார்ப்பார்கள்.

இந்த வேலையில் ஸ்க்ரூ டிரைவரைப் பிடிப்பது அரை மணி நேரம்தான். அதற்கு முன்னால் செய்யும் வேலை ஒரு நாள் பிடிக்கும். கீழே உள்ள வரிசை அந்த ஒரு நாளையும் சேர்த்தது. விண்டோஸ் ஓடும் லேப்டாப்பை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். மேசைக் கணினிக்கும் பெரும்பாலும் இதே வரிசைதான், திறப்பது மட்டும் எளிது.

1. எது மெதுவாக்குகிறது என்று முதலில் பாருங்கள்

கணினியை ஆன் செய்து பத்து நிமிடம் சும்மா விடுங்கள். பூட் ஆனவுடன் அப்டேட், ஆன்டிவைரஸ் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும். அப்போது பார்த்தால் எந்தக் கணினியும் மோசமாகத்தான் தெரியும்.

பிறகு கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போங்கள். வழக்கமாகச் செய்யும் வேலையைச் செய்துகொண்டே சிபியு, மெமரி, டிஸ்க் மூன்றையும் கவனியுங்கள்.

டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறது, ஆனால் படிக்கும் வேகம் நொடிக்கு 1 அல்லது 2 எம்பிதான் என்றால் சந்தேகமே வேண்டாம், ஹார்ட் டிஸ்க்தான் காரணம். 5400 ஆர்பிஎம் டிஸ்க் ஒரு சுற்றுச் சுற்ற 11 மில்லிசெகண்ட் ஆகும். சின்னச் சின்ன ஃபைல்கள் டிஸ்க் முழுக்கச் சிதறிக் கிடக்கும்போது ஒவ்வொன்றுக்கும் அதன் முள் நகர்ந்து, தட்டு சுற்றி வரக் காத்திருக்க வேண்டும். அதனால் ஒரு நொடிக்கு நூறு தடவை படிப்பதே அதற்குப் பெரிய பாடு. எஸ்எஸ்டியில் சுற்றுவதற்கு எதுவும் இல்லை, பல ஆயிரம் தடவை படித்துவிடும்.

மெமரி 85, 90 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் ரேம் பற்றாக்குறை. ரேம் நிரம்பினால் விண்டோஸ் மிச்சத்தை டிஸ்க்கில் எழுதத் தொடங்கும், அதனால் டிஸ்க்கும் 100 சதவீதம் காட்டும். இரண்டும் சேர்ந்து உயர்ந்திருந்தால் இரண்டுமே மாற்ற வேண்டியிருக்கலாம்.

சிபியு பக்கத்தில் வேகம் எவ்வளவு என்றும் பாருங்கள். பளு இருக்கும்போதே அது 1 ஜிகாஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்கிக் கிடந்தால் எஸ்எஸ்டி போட்டும் பயனில்லை. சூடு அதிகமாகித் தன்னைத்தானே குறைத்துக்கொண்டிருக்கும், அல்லது சார்ஜர் காரணமாக இருக்கும். தனக்கு அடையாளம் தெரியாத சார்ஜரைச் செருகினால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் லேப்டாப்கள் உண்டு. விசிறியில் தூசி அடைத்திருந்தால் முதலில் அதைச் சுத்தம் செய்யுங்கள். காற்றடிக்கும்போது விசிறி சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும்.

2. ஹார்ட் டிஸ்க்கின் உடல்நிலையைப் பாருங்கள்

இதைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். அடுத்து வரும் எல்லா முடிவும் இதைப் பொறுத்துத்தான். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டால் டிஸ்க் தன்னைப் பற்றித் தானே குறித்து வைத்திருக்கும் ஸ்மார்ட் விவரங்களைக் காட்டும். நீலத்தில் 'குட்' என்று வந்தால் சரி. மஞ்சளில் 'காஷன்' என்றோ சிவப்பில் 'பேட்' என்றோ வந்தால் வேலையின் போக்கே மாறிவிடும்.

குறிப்பாக ரீஅலொகேட்டட், பெண்டிங், அன்கரெக்டபிள் என்று வரும் மூன்று வரிகளைப் பாருங்கள். பெண்டிங் கணக்கில் எண் இருக்கிறது என்றால் படிக்க முடியாமல் சிக்கிய இடங்கள் இருக்கின்றன என்று பொருள். அந்த டிஸ்க்கில் டீஃப்ராக் (சிதறிய ஃபைல்களைச் சேர்த்து அடுக்குவது), செக் டிஸ்க் (பிழை தேடுவது) எதையும் ஓட்டாதீர்கள். இரண்டும் டிஸ்க்கை மணிக்கணக்கில் உழைக்க வைக்கும், சாகக் கிடக்கும் டிஸ்க் அந்த உழைப்பிலேயே போய்விடலாம். உடனே ஃபைல்களை வெளியே எடுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

"டக்... டக்..." என்று ஒரே சீராகத் தட்டும் சத்தம் கேட்டால் ஆஃப் செய்துவிடுங்கள். உள்ளே இருப்பது திரும்பக் கிடைக்காத படங்கள் என்றால், அந்த டிஸ்க்கை டேட்டா ரெகவரி செய்பவர்களிடம் கொடுப்பதுதான் சரி. இன்னும் ஒரு முறை ஆன் செய்து பார்க்கலாமே என்று தோன்றும், செய்யாதீர்கள்.

3. பேக்கப் எடுங்கள், எடுத்ததைத் திறந்து பாருங்கள்

"குளோன் பண்ணத்தானே போறோம், பேக்கப் எதுக்கு?" என்ற கேள்வி தவறாமல் வரும். குளோன் (ஒரு டிஸ்க்கை அப்படியே இன்னொன்றில் நகல் எடுப்பது) தவறினால் பழைய டிஸ்க்கும் போகும் வாய்ப்பு இருக்கிறது. எப்படி என்று 7-ஆம் படியில் சொல்கிறேன். அதனால் படங்கள், ஆவணங்கள், டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ் எல்லாவற்றையும் மூன்றாவதாக ஒரு டிஸ்க்கில் எடுத்து வையுங்கள்.

மறந்துபோகும் இடங்கள் சில உண்டு: பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், அவுட்லுக்கின் பிஎஸ்டி ஃபைல், கணக்கு மென்பொருள் தன் தகவலை சி டிரைவில் எங்கோ ஒரு ஃபோல்டரில் வைத்திருப்பது. அந்த மென்பொருளிலேயே பேக்கப் என்று ஒரு வசதி இருக்கும், அதன் வழியாக எடுத்துவிடுங்கள்.

எடுத்து முடித்ததும் வேறொரு கணினியில் செருகி நாலைந்து ஃபைல்களைத் திறந்து பாருங்கள். ஃபோல்டர் பெயர் தெரிவது மட்டும் பேக்கப்புக்கு அத்தாட்சி ஆகாது. ஒன்டிரைவ் ஃபோல்டரில் மேக அடையாளத்தோடு தெரியும் ஃபைல்கள் இணையத்தில்தான் இருக்கும், உங்கள் டிஸ்க்கில் இருக்காது.

4. பிட்லாக்கர் சாவியை எழுதி வையுங்கள்

டிஸ்க்கில் உள்ளதைச் சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டி வைக்கும் வசதி இது. செட்டிங்ஸில் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' அல்லது 'பிட்லாக்கர்' ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தபோது உங்களைக் கேட்காமலேயே அது ஆன் ஆகியிருக்கலாம். பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் ஓடும் கணினியின் அடிப்படை மென்பொருள்) எதையாவது மாற்றினாலோ டிஸ்க்கை இடம் மாற்றினாலோ 48 இலக்க ரெகவரி சாவியைக் கேட்கும். அது இல்லாமல் உள்ளே இருப்பதை யாராலும் படிக்க முடியாது.

உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கின் பக்கத்துக்குப் போய் அந்தச் சாவியை எடுத்துத் தாளில் எழுதுங்கள். பிறகு என்கிரிப்ஷனை முழுதாக ஆஃப் செய்யுங்கள். டிகிரிப்ட் ஆகி முடிய மணிக்கணக்கில் ஆகலாம், முடியும்வரை காத்திருங்கள். வேலையெல்லாம் முடிந்த பிறகு திரும்ப ஆன் செய்துகொள்ளலாம்.

5. எதை வாங்குவது: உங்கள் ஸ்லாட் சொல்லும்

லேப்டாப்பின் மாடல் எண்ணை அடிப்பக்க ஸ்டிக்கரில் பார்த்து, தயாரிப்பாளர் தளத்தில் அதன் சர்வீஸ் மேனுவலைத் தேடி எடுங்கள். எத்தனை ஸ்லாட், எந்த வகை என்பது அதில் இருக்கும். திறக்கும் முறையும் படத்தோடு இருக்கும்.

பழைய லேப்டாப் என்றால் பெரும்பாலும் 2.5 இன்ச் சாட்டா (டிஸ்க்கை இணைக்கும் பழைய முறை) டிஸ்க்தான். அதே இடத்தில் 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி உட்காரும். இவை 7 மில்லிமீட்டர் தடிமன், பழைய டிஸ்க் 9.5 இருந்திருந்தால் கொஞ்சம் ஆடும். சில எஸ்எஸ்டியோடு ஒரு பிளாஸ்டிக் சட்டம் வரும், அதை ஒட்டிக்கொள்ளலாம்.

எம்.2 ஸ்லாட் இருந்தால் கவனம் தேவை. எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டும்தான். அதே வடிவத்தில் சாட்டா எஸ்எஸ்டியும் உண்டு, அதைவிட வேகமான இணைப்பு முறையான என்விஎம்இ எஸ்எஸ்டியும் உண்டு. என்விஎம்இயில் வழக்கமாக ஒரு வெட்டு, சாட்டாவில் இரண்டு வெட்டு. இரண்டு வெட்டு உள்ளது என்விஎம்இ ஸ்லாட்டிலும் அழகாக உட்காரும், ஆனால் கணினிக்குத் தெரியாது. புதிதாகச் செய்பவர்கள் இந்த இடத்தில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். நீளத்தையும் பாருங்கள்: 2280 என்றால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம்.

சாட்டா எஸ்எஸ்டி நொடிக்கு 550 எம்பி அளவில் நின்றுவிடும், என்விஎம்இ பல மடங்கு போகும். ஆனால் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து வருகிறவருக்குச் சாட்டாவே போதும். பூட் ஆவதிலும் பிரவுசர் திறப்பதிலும் இரண்டுக்கும் இடையே கையால் உணரும் அளவு வித்தியாசம் இல்லை.

ரேமுக்கு டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்துக்கே திரும்பப் போங்கள். 'ஸ்லாட்ஸ் யூஸ்டு' என்ற வரியில் இரண்டில் ஒன்று என்று இருந்தால் ஒன்று காலி. 'ஃபார்ம் ஃபேக்டர்' என்ற இடத்தில் 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று வந்தால் ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டது, அதைக் கழற்ற முடியாது. டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 ஒன்றின் ஸ்லாட்டில் இன்னொன்று நுழையாது, வெட்டின் இடமே வேறு. டிடிஆர்3 வாங்குகிறவர்கள் 'எல்' எழுத்தைக் கவனிக்க வேண்டும்: டிடிஆர்3எல் 1.35 வோல்ட், சாதா டிடிஆர்3 1.5 வோல்ட். எல் கேட்கும் லேப்டாப்பில் சாதாவைப் போட்டால் திரையே வராமல் போகலாம்.

6. குளோனா, புதிதாக விண்டோஸா

2-ஆம் படியில் டிஸ்க் 'குட்' என்று வந்து, கணினி மெதுவாக இருப்பதைத் தவிர வேறு தொல்லை இல்லை என்றால் குளோன் செய்யுங்கள். மஞ்சளோ சிவப்போ வந்திருந்தால், அல்லது அடிக்கடி நீலத் திரை, வைரஸ், திறக்காத செட்டிங்ஸ் என்று இருந்தால் புதிதாக விண்டோஸ் போடுங்கள். குளோன் என்பது அப்படியே நகல் எடுப்பது, கோளாறும் சேர்ந்தே வரும்.

புதிதாகப் போட 8 ஜிபி பென் டிரைவும் மைக்ரோசாஃப்ட்டின் மீடியா கிரியேஷன் டூலும் போதும். 7-ஆம் படியைத் தாண்டிவிட்டு, எஸ்எஸ்டியை மாட்டிய பிறகு அந்தப் பென் டிரைவிலிருந்து பூட் செய்து போடுங்கள். லேப்டாப்போடு வந்த விண்டோஸின் உரிமம் மதர்போர்டோடு சேர்ந்தது, டிஸ்க்கை மாற்றுவதால் போகாது.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சிப்), 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், ஆதரவுப் பட்டியலில் உள்ள ப்ராசஸர் வேண்டும். உங்கள் கணினி அதற்குத் தகுதி உள்ளதுதான் என்றாலும், முதலில் எஸ்எஸ்டி மாற்றி ஒரு வாரம் ஓட்டிவிட்டு அப்புறம் 11-க்குப் போங்கள். ஒரே நாளில் இரண்டும் செய்து ஏதாவது தவறினால் எது காரணம் என்று தெரியாது.

7. குளோன் செய்வது

சாட்டா எஸ்எஸ்டி என்றால் யுஎஸ்பி அடாப்டர் கேபிள் வேண்டும், எம்.2 என்றால் அதற்கான பெட்டி. எஸ்எஸ்டி நிறுவனங்கள் தங்கள் டிஸ்க்குக்கென்றே குளோன் மென்பொருள் தருகின்றன, அதைப் பயன்படுத்துவது எளிது. குளோன்ஜில்லா இலவசம், ஆனால் புதிய டிஸ்க் பழையதைவிடச் சிறியதாக இருந்தால் அதில் சிக்கல் வரும்.

தொடங்கும் முன் மற்ற எல்லா யுஎஸ்பி டிஸ்க்குகளையும் கழற்றுங்கள், பேக்கப் எடுத்ததையும் சேர்த்துத்தான். சார்ஜரைச் செருகி, ஸ்லீப் ஆகாதபடி செட்டிங்ஸில் மாற்றுங்கள்.

இப்போது முக்கியமான திரை வரும்: சோர்ஸ் எது, டெஸ்டினேஷன் எது. எனக்குத் தெரிந்த ஒருவர் 500 ஜிபி ஹார்ட் டிஸ்க்குக்கு 500 ஜிபி எஸ்எஸ்டியே வாங்கியிருந்தார். திரையில் இரண்டும் ஒரே அளவில் தெரிந்தன. அவர் பயன்படுத்தியது பென் டிரைவிலிருந்து பூட் ஆகும் மென்பொருள், அதனால் ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸ் குறுக்கே நின்று தடுக்கவும் இல்லை. காலி டிஸ்க்கை சோர்ஸாக வைத்து ஓகே அழுத்தினார். இரண்டும் காலி. பதினோரு வருடப் படங்கள் அவருக்குத் திரும்பக் கிடைத்தது முந்தின நாள் எடுத்த பேக்கப்பினால்தான். அதிலிருந்து நான் எப்போதும் டிஸ்க்கின் மாடல் பெயரைத் தாளில் எழுதி வைத்து, திரையோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அழுத்துகிறேன். சோர்ஸில் நிறைய பார்டிஷன் (டிஸ்க்கின் பிரிவுகள்) தெரிய வேண்டும், டெஸ்டினேஷன் வெறுமையாக இருக்க வேண்டும்.

சி டிரைவை மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள், முழு டிஸ்க்கையும் எடுங்கள். 100 எம்பி அளவில் ஒரு சின்ன இஎஃப்ஐ பார்டிஷன் இருக்கும். பூட் ஆவதற்கான ஃபைல்கள் அதில்தான். அது வராவிட்டால் சி டிரைவ் முழுதாக வந்திருந்தும் விண்டோஸ் எழுந்திருக்காது.

புதிய டிஸ்க் பெரியதென்றால் சி டிரைவை இந்தக் கட்டத்திலேயே நீட்டிவிடுங்கள். பிறகு செய்யலாம் என்று விட்டால் ரெகவரி பார்டிஷன் நடுவில் வந்து நின்றுகொள்ளும், 'எக்ஸ்டெண்ட் வால்யூம்' மங்கலாகவே கிடக்கும்.

யுஎஸ்பி 2 துளையில் செருகினால் 200 ஜிபிக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். உள்ளே நீல நிறம் உள்ள துளை பெரும்பாலும் யுஎஸ்பி 3, அதில் செருகுங்கள்.

8. திறப்பது

ஷிஃப்ட் பட்டனை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுங்கள். சாதாரண ஷட் டவுனில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் காரணமாக விண்டோஸ் பாதித் தூக்கத்தில்தான் இருக்கும். சார்ஜரைக் கழற்றுங்கள். வெளியே கழற்றும் பேட்டரி என்றால் அதையும் எடுத்துவிடுங்கள்.

ஒரு வெள்ளைத் தாளில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தை வரைந்து, ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அதன் இடத்தில் டேப்பால் ஒட்டுங்கள். ஸ்க்ரூக்கள் ஒரே நீளம் இருக்காது. குட்டையானது இருந்த இடத்தில் நீளமானதைத் திருகினால் கீபோர்டு பக்கம் புடைத்துக்கொண்டு வரும். மூடி வர மறுத்தால் ரப்பர் காலுக்கு அடியில் ஸ்க்ரூ ஒளிந்திருக்கும், மேனுவலைப் பாருங்கள்.

பழைய பிளாஸ்டிக் அட்டை ஒன்றை விளிம்பில் நுழைத்து நெம்புங்கள். இரும்பு வேண்டாம், கீறலோடு போகாது, உள்ளே போர்டில் பட்டாலும் படும்.

பேட்டரி உப்பியிருந்தால், அதாவது டச்பேட் மேலே தூக்கிக்கொண்டிருந்தால், அங்கேயே நிறுத்துங்கள். குத்துப்பட்டால் தீப்பிடிக்கும். அதை மாற்றுவது பழகியவர்கள் வேலை.

மூடி வந்ததும் முதல் வேலை, உள்ளே இருக்கும் பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது. வயரைப் பிடித்து இழுக்காமல் கனெக்டரை இரண்டு பக்கமும் நகத்தால் தள்ளி எடுங்கள். பிறகு பவர் பட்டனை 15, 20 நொடி அழுத்திப் பிடித்தால் போர்டில் தங்கிய மின்சாரம் வடிந்துவிடும்.

நாடா போன்ற தட்டைக் கேபிள் இருந்தால் நிதானியுங்கள். அதன் வாயில் நகத்துண்டு அளவுக்குக் கறுப்பாகவோ வெள்ளையாகவோ ஒரு மடிப்பு இருக்கும். அதை நகத்தால் மெல்ல நிமிர்த்தினால் கேபிள் எதிர்ப்பே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வரும். எதிர்ப்பு தெரிந்தால் இன்னும் பூட்டு திறக்கவில்லை என்று பொருள். இழுத்தால் அந்த மடிப்பு ஒடியும், அதற்குத் தனியாகப் பாகம் கிடைப்பது கஷ்டம்.

9. எஸ்எஸ்டியை மாட்டுங்கள், ரேமை இன்று தொடாதீர்கள்

பழைய டிஸ்க்கைச் சுற்றியுள்ள உலோகச் சட்டத்தைக் கழற்றி, புதியதில் அதே திசையில் பொருத்துங்கள். சட்டம் இல்லாமல் செருகினால் கனெக்டர் மேல் எடை விழும். எம்.2 என்றால் சாய்வாக நுழைத்து, கீழே அழுத்தி, முனையில் உள்ள ஒரு ஸ்க்ரூவைத் திருகுங்கள். அந்த ஸ்க்ரூ சில லேப்டாப்களில் இருக்காது, முன்கூட்டியே பார்த்து வாங்கி வையுங்கள்.

ரேமை அதே நாளில் போடாமல் இருப்பதற்குக் காரணம் உண்டு. இரண்டையும் மாற்றித் திரை வரவில்லை என்றால் குற்றவாளி யார் என்று தேட வேண்டியிருக்கும். எஸ்எஸ்டியோடு ஒரு நாள் ஓட்டிவிட்டு மறுநாள் ரேமைப் போடுங்கள். பலருக்கு அந்த ஒரு நாளிலேயே ரேம் தேவையில்லை என்று தெரிந்துவிடும்.

ரேம் போடும்போது வெட்டைப் பொருத்தி, 30 டிகிரி சாய்வில் முழுதாக உள்ளே தள்ளி, பிறகு கீழே அழுத்துங்கள். இரண்டு பக்கக் கிளிப்பும் 'க்ளிக்' என்று பூட்ட வேண்டும். தங்க நிறப் பற்கள் வெளியே நன்றாகத் தெரிந்தால் அது பாதிதான் நுழைந்திருக்கிறது.

10. முதல் பூட்

பழைய டிஸ்க்கை யுஎஸ்பியில் செருகி வைக்காதீர்கள். குளோன் செய்த இரண்டு டிஸ்க்குக்கும் ஒரே அடையாள எண் இருக்கலாம், விண்டோஸ் குழம்பிப்போய் ஒன்றை ஆஃப்லைன் ஆக்கிவிடும். புதியது மட்டும் இருக்கட்டும்.

மூடியை முழுதாகத் திருகும் முன்பே பேட்டரியை இணைத்து, மூடியைச் சும்மா வைத்து, ஆன் செய்து எஃப்2 அல்லது டெலீட் பட்டனைத் தட்டிப் பயாஸுக்குள் போங்கள். எஸ்எஸ்டியின் பெயர் அங்கே தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள். இந்த ஒரு கேள்விதான் அடுத்த படியில் வழியை இரண்டாகப் பிரிக்கும்.

11. பூட் ஆகவில்லை என்றால்

பயாஸிலேயே பெயர் இல்லை: விண்டோஸுக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. கனெக்டர் சரியாக உட்காரவில்லை, அல்லது எம்.2 வகை தவறு. பேட்டரியைக் கழற்றிவிட்டு மறுபடி பொருத்துங்கள்.

பயாஸில் பெயர் இருக்கிறது, ஆனால் பூட் டிவைஸ் இல்லை என்கிறது: கை வைக்க வேண்டியது செட்டிங்கில். பழைய டிஸ்க் லெகஸி என்ற பழைய முறையில் பூட் ஆனதா, யுஇஎஃப்ஐ என்ற புதிய முறையிலா என்று பார்த்து அதே முறையை வையுங்கள். பூட் வரிசையில் விண்டோஸ் பூட் மேனேஜரை மேலே கொண்டுவாருங்கள்.

நீலத் திரையில் 'இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ்': பயாஸில் சாட்டா முறை ஏஎச்சிஐயிலிருந்து ரெய்டுக்கோ, மறுபுறமோ மாறியிருந்தால் பழையபடி வையுங்கள். சாட்டா டிஸ்க்கிலிருந்து என்விஎம்இக்குக் குளோன் செய்தபோதும் இது வரும். ரெகவரி திரை வழியாக ஒரு முறை சேஃப் மோடில் பூட் செய்தால், விண்டோஸ் என்விஎம்இக்கான டிரைவரை எடுத்துக்கொண்டு அடுத்த முறை சரியாகிவிடும்.

ரேம் போட்ட பிறகு கறுப்புத் திரை: புதியதை எடுத்துவிட்டுப் பழையதோடு ஓடுகிறதா பாருங்கள். ஓடினால் புதியதை மட்டும் தனியாகப் போட்டுப் பாருங்கள். டிடிஆர்5 என்றால் முதல் முறை சில நிமிடம் திரையே வராது, ரேமைப் பழகிக்கொள்கிறது, பதறி ஆஃப் செய்யாதீர்கள். பூட் ஆகி நடுவில் தானாக ரீஸ்டார்ட் ஆனால் மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற சோதனையை இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ரேமைத் திருப்பிக் கொடுங்கள்.

12. ஓடத் தொடங்கிய பிறகு

'ஆப்டிமைஸ் டிரைவ்ஸ்' பக்கத்தில் உங்கள் டிஸ்க் 'சாலிட் ஸ்டேட் டிரைவ்' என்று தெரிய வேண்டும். அப்படித் தெரிந்தால் விண்டோஸ் அதற்கு டிரிம் (அழித்த ஃபைல்களின் இடம் காலி என்று எஸ்எஸ்டிக்குச் சொல்வது) செய்யும், டீஃப்ராக் மென்பொருள் எதுவும் தனியாக வேண்டாம். ஸ்லீப் செட்டிங்கைப் பழையபடி மாற்றுங்கள், என்கிரிப்ஷனை மறுபடி ஆன் செய்யுங்கள். 100 சதவீதம் நிரப்பாமல் ஐந்தில் ஒரு பங்கு காலியாக விட்டால் எஸ்எஸ்டி வேகம் குறையாமல் ஓடும்.

பழைய டிஸ்க்கை ஒரு மாதம் தொடாமல் ஓர் உறையில் போட்டு, தேதி எழுதி வையுங்கள். ஏதோ ஒரு ஃபைல் விடுபட்டது மூன்றாவது வாரத்தில்தான் தெரியும். மாதம் முடிந்த பின், ஸ்மார்ட் நிலை 'குட்' ஆக இருந்த டிஸ்க் என்றால் யுஎஸ்பி பெட்டியில் போட்டுப் பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளலாம். பிறருக்குக் கொடுப்பதென்றால் 'குயிக் ஃபார்மட்' டிக்கை எடுத்துவிட்டு எல்லாப் பார்டிஷனையும் முழு ஃபார்மட் செய்யுங்கள். அப்போதுதான் டிஸ்க் முழுக்கப் பூஜ்யம் எழுதப்படும், உங்கள் படங்களும் ஆவணங்களும் வேறு யார் கைக்கும் போகாது.